கூட்டாமல், குறைக்காமல்

டொரொன்ரோ. நாலாம் மாடி. பெப்ரவரி.
ஜன்னலுக்கு வெளியே கிரேன் ஒன்று
பனிக்குள் கழுத்தை நீட்டி நிற்கிறது.
வலது கையை உயர்த்துகிறேன்:
சொன்னதைச் சொல்வேன்,
கூட்டேன், குறையேன்.
பதினொரு வருடமாய் இதே கை, இதே சத்தியம்.

எதிரே கமலரூபன், வயது நாற்பத்தாறு.
இரவல் கோட்டின் தோள்
அவர் தோளைத் தாண்டித் தொங்குகிறது.
கட்சியில் வைத்த பெயர் றொபேட்.

"சம்பளம் தந்தது யார்?"
திருமதி பெலஞ்சர் கேட்கிறார். பிறகு நான் கேட்கிறேன்.
"ஆமி. மாசம் முடிய ஒரு கொப்பியில கையெழுத்து."
"கட்டளை?"
"கட்சி."
"சாப்பாடு?"
"கடைக்காரர் தருவினம்."
"விரும்பியா?"
பொத்தானைத் திருகுகிறார்.
"தருவினம்."

அப்படியானால் நீங்கள் அரசாங்கமா, கட்சியா?
அதற்கு மட்டும் சிரித்தார்.
"அம்மா, முன் அறையில கட்சி,
பின் அறையில நாங்கள்,
மதிலுக்கு அங்கால காம்ப்.
மதிலில ஒரு கதவு.
எலெக்சன் வந்தா முன் அறைக்குப் பெயின்ட் அடிப்பம்.
தலைவர் மந்திரியான அண்டைக்கு
கதவையே கழட்டிப் போட்டம்.
பிறகு தேவைப்படேல்லை."

தமிழில் ஒரு வசதி இருக்கிறது.
கொண்டுபோனது, விசாரிச்சது, பிறகு விட்டது
என்று, யார் எனச் சொல்லாமலே
ஒரு வாக்கியம் வானில் ஏறி
ஊரைச் சுற்றி வந்துவிடும்.
ஆங்கிலம் வாசலிலேயே மறிக்கிறது: எழுவாய் எங்கே?
"கேளுங்கள், கொண்டுபோனது யார்?"
"அப்ப எல்லாரையும் கொண்டுபோறதுதானே."
மூன்று தரம் கேட்டோம்.
மூன்றாம் தரம், மூக்கைச் சிந்துவதுபோல்,
"நாங்கள்" என்றார்.

நாம் அல்ல, நாங்கள்.
என்னை வெளியே விட்டுத்தான் அவர் சொன்னார்.
ஆங்கிலத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.
தன்மையில் பேசுவதே எங்கள் தொழில் விதி.
என் குரலில், என் வாயால்,
நாங்கள்தான் கொண்டுபோனோம் என்று
பதிவுக் கருவியிடம் சொன்னேன்.

"பின் அறையில் ஜெனரேற்றர் எதற்கு?"
"கரண்ட் இல்லை."

இரண்டாம் குறுக்குத் தெரு.
தொண்ணூற்றெட்டு. பின்னேரம் ஐந்தரை வகுப்பு.
அந்த வளவின் மற்ற மதிலோடு ஒட்டிய மாடியில்
தட்டெழுத்துப் பள்ளி, பதினாறு மெசின்.
எங்கள் தலைக்கு மேலே
ரியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது.
விசிறி சுற்றியது.
ஜெனரேற்றர் உறுமத் தொடங்கினால்
கொன்சி மிஸ் யாரையும் பாராமல் சொல்வா:
"பலமா அடியுங்கோ, பிள்ளையள்."
அடித்தோம்.
ஒரே வரியை, நாடா கிழியும்வரை.
இன்றைக்கும் விசைப்பலகையை இடிக்கிறேன் என்று
வீட்டில் சண்டை.

"மின்சாரம் இருக்கவில்லை"
என்றேன், நல்ல ஆங்கிலத்தில்.
கூட்டவில்லை.

இடைவேளை. கோப்பி மெசினடியில்
எனக்கு முன்னால் அவர்,
சில்லறையைத் திருப்பித் திருப்பி எண்ணுகிறார்.
"தங்கச்சி எந்த ஊர்?"
வெளியில் கதைக்க எங்களுக்கு அனுமதியில்லை.
நல்ல சட்டம்.
இருபத்தைந்து சதம் குறைகிறது அவருக்கு.
என் கோட்டுப் பையில் இருந்தது.
இருக்கிறது.

பஸ் தரிப்பில் நின்று படிவத்தை நிரப்பினேன்.
மொழி: தமிழ். நேரம்: மூன்றரை மணி.
விண்ணப்பதாரரையோ, அவர் கூறிய இடங்களையோ
முன்பே அறிவீரா?
குளிரில் பேனை எழுத மறுத்தது.
உள்ளங்கையில் வைத்து ஊதினேன்,
இரண்டு தரம் கிறுக்கிப் பார்த்தேன்,
பிறகு எழுதினேன்:
இல்லை.

கென்னடி போகும் ரயிலில்
எதிர் இருக்கைப் பெண்
தொலைபேசியில் யாருக்கோ எழுதிக்கொண்டே வந்தாள்.
அவ்வளவு வேகம். பத்து விரலும் வேண்டியிருக்கவில்லை,
இரண்டு பெருவிரல் மட்டும்.
ஒரு சத்தமும் இல்லை.